சங்கிலிப் பாலத்துச் சிங்கங்களுக்கு நாக்கு உண்டு

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட் பற்றி வந்த பயணக் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு இடத்தில் எனக்கு இடறுகிறது. ஒன்று சின்ன விஷயம், இன்னொன்று பெரியது. சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியதைத் தொடங்கினால் அது பாட்டுக்கு நீண்டுபோகும்.

டான்யூப் ஆற்றின் மேலுள்ள சங்கிலிப் பாலத்தின் இரு முனையிலும் படுத்திருக்கும் கல் சிங்கங்களுக்கு நாக்கு இல்லை என்றும், பாலத் திறப்பு விழாவில் ஒரு பொடியன் அதைக் கண்டுபிடித்துக் கூவ, சிற்பி அவமானம் தாங்காமல் ஆற்றில் குதித்து உயிரை விட்டார் என்றும் கட்டுரையில் இருக்கிறது. கதை நல்ல கதைதான். நடந்ததுதான் இல்லை. பாலம் திறந்தது 1849 நவம்பர் 20. சிங்கங்களைக் கொண்டுவந்து வைத்தது 1852இல். திறப்பு விழாவன்று அங்கே சிங்கமே கிடையாது, அப்புறம் நாக்கைப் பற்றி என்ன பேச்சு? சிற்பியின் பெயர் யானோஷ் மார்ஷல்கோ. அவர் இறந்தது 1877இல். சிங்கம் வைத்து இருபத்தைந்து வருடம் கழித்து.

நாக்கும் இருக்கிறது. நான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி பெரியது. "ரயில் மாறும் இடைவெளியில் இந்த நகரத்தை நடந்து பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், அதுவும் வயதானவர்கள் நினைக்கவே வேண்டாம். நிலையத்திலிருந்து நேராகச் சுற்றுலாப் பேருந்தில் ஏறிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் இருபது இடங்கள்" என்று எழுதியிருக்கிறார். ஐயா, நானும் என் மனைவியும் போன அக்டோபரில் சரியாக இந்தக் காரியத்தைத்தான் செய்தோம். எனக்கு 69, அவளுக்கு 64. காலை பத்தரைக்குள் வியன்னாவிலிருந்து வந்து இறங்கினோம். இரவு எட்டரைக்கு மேல் மியூனிக் போகும் இரவு ரயில். நடுவில் பத்து மணி நேரம். பேருந்தில் ஏறவில்லை. இருபது இடம் பார்த்தோமா என்றால், இல்லை. பார்த்தது ஒன்பதோ பத்தோ இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. ரயில்வேயில் முப்பத்தாறு வருடம் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன். கீமேனோடும் கேங்க்மேன்களோடும் பாதை ஓரமாக நடந்தே சம்பளம் வாங்கியவன். அந்தப் பழக்கத்தில் இன்றும் எங்கே நடந்தாலும் மனசுக்குள் தப்படி எண்ணிக்கொண்டே போவேன். என் தப்படி முக்கால் மீட்டர். மனைவி பக்கத்தில் பேசிக்கொண்டு வந்தாலும் எண்ணிக்கை தப்பாது. அவளுக்கு இதில் பழைய வருத்தம் உண்டு.

வியன்னாவிலிருந்து வரும் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அங்கே இரு தண்டவாளத்துக்கும் நடுவே 1435 மில்லிமீட்டர். நான் காலமெல்லாம் அளந்த அகலப்பாதை 1676. ஒரு சாணுக்கு மேல் குறைவு. அந்த ஒடுக்கமான பாதையில் அவ்வளவு வேகமாகப் போகிற வண்டியில், குவளையில் இருந்த காபி அலையடிக்கவில்லை. மூட்டு மூட்டாக இணைக்காமல் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம், அதனால் தடக் தடக் சத்தமும் இல்லை. எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரத்தில் தடாபான்யா என்ற ஊரருகே மலை மேல் பெரிய வெண்கலப் பறவை ஒன்று சிறகை விரித்து நிற்கும். துருல் என்கிறார்கள், ஹங்கேரியர்களின் புராணப் பறவை. 1907இல் வைத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் என் மனைவி அதைப் பார்க்கவில்லை. நான் காட்டுவதற்குள் பெட்டியில் தைலம் தேடிக்கொண்டிருந்தாள்.

இறங்குகிற நிலையத்தின் பெயர் கெலெட்டி. கெலெட்டி என்றால் கிழக்கு. மேற்கே இருந்து வந்த வண்டி கிழக்கு நிலையத்தில் நிற்கிறது, வேடிக்கைதான். 1884இல் கட்டியது. இறங்கியதும் அவசரமாக வெளியே ஓடாமல், முகப்பைத் தாண்டி வந்து திரும்பிப் பாருங்கள். பெரிய வளைவின் இரு பக்கமும் இரண்டு ஆள் சிலைகள். ஒருவர் ஜேம்ஸ் வாட், மற்றவர் ஜார்ஜ் ஸ்டீபன்சன். அரசனையும் புனிதரையும் வைக்கிற இடத்தில் நீராவிக்காரர்கள் இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள். எனக்குக் கை தானாகவே கும்பிடப் போனது. எதிரே சதுக்கத்தில் காபோர் பாரோஷ் சிலை. இரும்பு அமைச்சர் என்று பெயர் வாங்கியவர். 1889இல் கிலோமீட்டர் கணக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டு மண்டலக் கட்டணம் கொண்டுவந்து, சாதாரண ஜனங்களையும் ரயிலில் ஏற வைத்த மனிதர். பேருந்தில் ஏறுகிற ஆள் இந்த மூவரையும் முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுத்தான் போவார்.

பெட்டியை நிலைய லாக்கரில் வைக்கப் போனால் உள்ளூர்க் காசு கேட்டது. ஹங்கேரியில் யூரோ கிடையாது, ஃபோரிண்ட். ஒரு யூரோவுக்குச் சுமார் 400 கிடைக்கும் என்று தெரிந்தேதான் போனேன். ஆனாலும் அங்கிருந்த ஒரு மாற்றுக் கடையில் (பெயர் வேண்டாம்) பலகையில் கொட்டை எழுத்தில் 400ஐப் பார்த்ததும் இருபது யூரோவை நீட்டிவிட்டேன். கைக்கு வந்தது யூரோவுக்கு 330 வீதம். கொட்டை எழுத்தில் இருந்தது அவர்கள் யூரோவை விற்கிற விலை. வாங்குகிற விலை பக்கத்தில் பொடி எழுத்தில். மூக்குக் கண்ணாடியைப் பையில் வைத்துக்கொண்டு பலகையைப் படித்தவன் நான்தான், யாரை நொந்துகொள்வது.

நிலையத்திலிருந்து ஆற்றுக்கு ஒரே நேர்சாலை, ராகோட்சி ஊட். ஊட் என்றால் சாலை. அழகான சாலை என்று பொய் சொல்ல மாட்டேன். புகைக்கரி படிந்த கட்டடங்கள், மூடிக் கிடக்கும் கடைகள், இரைச்சல். என் மனைவி கேட்டேவிட்டாள்: "இதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" ஆனால் அண்ணாந்து பார்த்தால் வேறு ஊர். இரண்டாம் மாடிக்கு மேலே முகங்கள், சிங்கத் தலைகள், மாலைகள், பால்கனியைத் தோளில் தாங்கும் கல் மனிதர்கள். கீழே இருப்பது இன்றைய ஊர், மேலே இருப்பது நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய ஊர். இந்த நகரத்தில் சில சுவர்களில் இன்னும் குண்டு பாய்ந்த பள்ளங்களைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரின் 1945ஆ, சோவியத் டாங்கிகள் வந்த 1956ஆ என்று சுவர் சொல்லாது.

ஆஸ்டோரியா சந்திப்பைத் தாண்டினால் சாலைக்குப் பெயர் மாறும். கொஞ்ச தூரத்தில் இடது கைப்பக்கம் பிரான்சிஸ்கன் சபை தேவாலயம். அதன் பக்கவாட்டுச் சுவரில், நடைபாதையில் போகிறவன் தொடுகிற மாதிரி ஒரு புடைப்புச் சிற்பம். வெள்ளம், ஒரு படகு, படகில் நின்றபடி ஒரு மனிதர் தண்ணீரில் தத்தளிப்பவர்களை நோக்கிக் கை நீட்டுகிறார். 1838 மார்ச்சில் டான்யூப் பனிக்கட்டியோடு பொங்கி பெஸ்ட் நகரத்தையே மூழ்கடித்தபோது படகெடுத்துப் போய் ஜனங்களைக் காப்பாற்றிய வெஷ்ஷெலேனி என்ற பிரபு அவர். சனங்கள் அவரை வெள்ளப் படகோட்டி என்றே சொல்கிறார்கள். நான் பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். ஆறு இன்னும் நானூறு ஐந்நூறு மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து தண்ணீர் இந்தச் சுவர் வரைக்கும் வந்து, இதைத் தாண்டியும் போயிருக்கிறது என்பது நடந்து வந்தவனுக்குத்தான் உறைக்கும். பேருந்துக்கு அது அரை நிமிடத் தூரம்.

அந்தச் சாலை அப்படியே எலிசபெத் பாலத்தில் போய் ஏறும். வெள்ளை வெளேர் என்று ஒல்லியான பாலம். 1903இல் கட்டியதை 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடி வைத்துத் தகர்த்தது. பழைய வடிவத்தை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டி 1964இல் திறந்தார்கள். அந்தப் பாலத்தடியில் நின்றபோதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நாங்கள் நடந்து வந்த இதே வழியில்தான் 2015 செப்டம்பர் 4ஆம் தேதி அகதிகள் நடந்தார்கள். சிரியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள் பல நாட்கள் கெலெட்டி நிலையத்தில் ரயிலேற முடியாமல் முடங்கிக் கிடந்தார்கள். கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, நடந்தே ஆஸ்திரியா போவோம் என்று கிளம்பிவிட்டார்கள். நகரத்தின் நடுவாக வந்து, இந்தப் பாலத்தைக் கடந்து, நெடுஞ்சாலையைப் பிடித்தார்கள். எல்லை அங்கிருந்து நூற்றெழுபது கிலோமீட்டருக்கு மேல். அன்று இரவுதான் பேருந்துகள் வந்தன, எல்லையும் திறந்தது. நான் காலையில் காபி குடித்துக்கொண்டு வந்த பாதை அது. கெலெட்டியிலிருந்து பாலம் வரை என் கணக்கில் மூவாயிரத்து முந்நூறு தப்படி. அதற்கே என் குதிகால் முணகத் தொடங்கியிருந்தது.

குதிகால் கதை இது. பயணத்துக்கென்று மகன் புது ஷூ வாங்கிக் கொடுத்தான். புதுச் செருப்போடு லைனுக்கு வராதே என்று எத்தனை பையன்களைத் திட்டியிருப்பேன்! அதே தப்பை நானே செய்தேன். உங்கள் கட்டுரையாளர் வயதானவர்களைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார் அல்லவா, நியாயமாக அவர் கவலைப்பட வேண்டியது முழங்காலைப் பற்றி அல்ல, ஷூவைப் பற்றி.

கரையோரமாக வடக்கே நடந்தால் சங்கிலிப் பாலம். ஆற்றை ஒட்டியே டிராம் போகிறது. சாலையோடு சமமாகப் புதைத்த, சக்கரத்துக்கு மட்டும் பள்ளம் விட்ட தண்டவாளம். குந்தி உட்கார்ந்து விரலை விட்டுப் பார்த்தேன், ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று. "என்னங்க, ரிட்டயர் ஆயி ஒன்பது வருஷம் ஆச்சு, எந்திரிங்க" என்று குரல் வந்தது.

சங்கிலிப் பாலத்தைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார், சிங்கத்தோடு. அதற்குப் பின்னால் இருக்கிற கதை சிங்கத்தைவிடப் பெரியது. அந்தக் காலத்தில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் பெஸ்ட், அந்தப் பக்கம் புடா, இரண்டும் தனித்தனி ஊர். நடுவே படகுகளைக் கோத்த மிதவைப் பாலம்தான், குளிர்காலத்தில் பனி வரும்போது அதையும் எடுத்துவிடுவார்கள். 1820 டிசம்பரில் அப்பா இறந்த செய்தி கேட்டுக் கிளம்பிய இஷ்ட்வான் செச்சேனி என்ற பிரபு, ஆற்றைக் கடக்க வழியில்லாமல் ஒரு வாரம் கரையில் காத்துக்கிடந்தாராம். நிரந்தரப் பாலம் வேண்டும் என்று அவர் பிடித்த பிடிதான் இது. வடிவமைத்தவர் வில்லியம் டியர்னி கிளார்க், இங்கிலாந்துக்காரர். நின்று கட்டியவர் ஆடம் கிளார்க், ஸ்காட்லாந்துக்காரர். இருவருக்கும் சொந்தம் கிடையாது, பெயர்தான் ஒன்று. இன்னொன்று சொல்ல வேண்டும். ஹங்கேரியப் பிரபுக்கள் அதுவரை வரி என்ற பேச்சே தங்களுக்கு ஆகாது என்று இருந்தவர்கள். இந்தப் பாலத்தில் மட்டும் பிரபுவானாலும் சுங்கம் கொடுத்துத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1873இல் இரண்டு ஊரும், வடக்கே இருந்த ஓபுடாவும் சேர்ந்து புடாபெஸ்ட் ஆயின. பாலம் இல்லாமல் அந்தப் பெயரே வந்திருக்காது.

இதையும் 1945 ஜனவரியில் தகர்த்தார்கள். மறுபடி கட்டித் திறந்த நாள் 1949 நவம்பர் 20. முதல் திறப்புக்குச் சரியாக நூறு வருடம். நான் அரசியல் கூட்டத்துக்குப் போகிறவன் இல்லை, ஆனால் இந்த மாதிரிப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

பாலத்தின் நீளம் 375 மீட்டர் என்று புத்தகத்தில் இருக்கிறது. என் தப்படிக்குச் சரியாக ஐந்நூறு வர வேண்டும். வந்தது 512. பன்னிரண்டு தப்படி ஷூ கடித்ததில் போனது என்று வைத்துக்கொள்கிறேன். நடுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஆறு நீலமாக இல்லை. பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், நல்ல வேகம்.

அக்கரையில் இறங்கும் சதுக்கத்துக்கு ஆடம் கிளார்க்கின் பெயர். அங்கத்தியர்கள் குடும்பப் பெயரை முன்னால் போட்டு கிளார்க் ஆடாம் என்கிறார்கள். அதன் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு கல். கூர்ந்து பார்த்தால் சைபர் வடிவம். ஹங்கேரியின் சாலைகளுக்குத் தூரம் அளப்பது இந்தக் கல்லிலிருந்துதான். கிலோமீட்டர் கல்லோடு வாழ்நாளைக் கழித்தவனுக்கு இதைவிட வேறு என்ன கோயில் வேண்டும்? ஒரு நாட்டின் பூஜ்ஜியத்தைத் தொட்டுக்கொண்டு நின்றேன். மனைவி படம் எடுத்தாள். படத்தில் என் தலை சரியாக சைபருக்குள் விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே எடுத்தாளா என்று இன்னும் தெரியவில்லை.

எதிரே குன்றைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை, அதுவும் ஆடம் கிளார்க் வேலை. நீளம் 350 மீட்டர். பாலமும் சுரங்கமும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒன்றுக்கொன்று நேராக இருப்பதால் அந்த ஊரில் ஒரு பழைய கேலி உண்டு. மழை வந்தால் பாலம் நனையாமல் சுரங்கத்துக்குள் இழுத்து வைத்துக்கொள்வார்களாம்.

இந்த இடத்தில் ஒரு ஒப்புதல். கோட்டைக் குன்றுக்கு நான் நடந்து ஏறவில்லை. அங்கே ஷிக்ளோ என்று கம்பி இழுக்கும் மலைரயில் ஒன்று, 1870இல் தொடங்கியது. ஒரு பெட்டி இறங்கும் கனத்தில் மற்றது ஏறும். போரில் அழிந்து 1986இல்தான் திரும்ப ஓடியது. பாதை மொத்தமே 95 மீட்டர். "நடந்துதான் பாக்கணும்னு மேடை போட்டு பேசின மனுஷன்" என்று மனைவி டிக்கெட் வரிசையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். தமிழ் யாருக்கும் தெரியாதது நல்லதாயிற்று. தண்டவாளம் இருந்தால் அது நடை சேர்த்திதான் என்று பதில் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

மேலே அரண்மனை, மத்தியாஸ் தேவாலயம், மீனவர் கோட்டை என்கிற வெள்ளைக் கோபுரங்கள். எல்லாம் அழகு, எல்லாம் கூட்டம். மீனவர் கோட்டை ஏதோ ஆயிரம் வருடப் பழசு போலத் தெரிந்தாலும் 1902இல் முடித்ததுதான். அங்கே எனக்குப் பிடித்தது கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று எதிர்க்கரையைப் பார்த்ததுதான். நாடாளுமன்றக் கோபுரமும் புனித ஸ்டீபன் பேராலயத்துக் குவிமாடமும் ஒரே உயரம், இரண்டும் 96 மீட்டர். மாக்யார் மக்கள், அதாவது ஹங்கேரியர்கள், இந்த மண்ணுக்கு வந்ததாகச் சொல்லும் 896ஆம் ஆண்டின் நினைவுக்காம். காலையிலிருந்து நடந்த சாலை, சுவர்ச் சிற்பம் இருந்த தேவாலயம், பாலம் எல்லாம் ஒரே பார்வையில் விரிந்தது. "அதோ அங்கதான் நீங்க குந்துனீங்க" என்று மனைவி டிராம் பாதையைக் காட்டினாள். அதற்குள் ஊர் அவளுக்கும் வசமாகிவிட்டது.

மதியச் சாப்பாடு, ஒரு சந்துக் கடையில் லாங்கோஷ். புளித்த மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்து, பூண்டு ஊறிய தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவி, மேலே புளிப்புப் பாலேடும் துருவிய சீஸும். சைவம்தான். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் எழுந்திருக்க முடியாது, அதையும் நேரக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குன்றிலிருந்து நடந்தே இறங்கி, பாலத்தை மறுபடி கடந்து பெஸ்ட் பக்கம் வந்தபோது மணி ஐந்தரை. அக்டோபரில் அப்போதே வெளிச்சம் குறையத் தொடங்கிவிடும். நாடாளுமன்றத்தை நோக்கிக் கரையோரமாகவே நடந்தோம். ஷூ கடித்த இடத்தில் ரத்தம் கசிந்து காலுறை ஒட்டிக்கொண்டது. பிளாஸ்திரி மாற்றலாம் என்று கரையின் கல் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து நாடாவை அவிழ்த்தேன். மனைவி என் தோளைத் தொட்டாள். "இங்க வேணாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். எனக்கு இரண்டு மூன்றடி தள்ளி, கல் விளிம்பில் ஒரு ஜோடி செருப்பு. அதற்கப்பால் இன்னொரு ஜோடி. ஆண்கள் பூட்ஸ், குதிகால் உயர்ந்த பெண்கள் ஷூ, உள்ளங்கையில் அடங்குகிற குழந்தை ஷூ. எல்லாம் இரும்பு, துருவேறியவை. மொத்தம் அறுபது ஜோடி. 1944 கடைசியிலும் 1945 தொடக்கத்திலும் ஹங்கேரியின் நாஜி ஆதரவுக் கட்சியான அம்புச்சிலுவைக் கட்சியின் ஆயுதக் கும்பல் யூதர்களை இந்தக் கரையில் நிறுத்திச் சுட்டது. சுடுவதற்கு முன் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். ஷூவுக்கு விலை இருந்தது. 2005இல் வைத்த நினைவுச்சின்னம் இது. இதைப் பற்றி நான் படித்திருந்தேன், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு என் குதிகால்தான் ஞாபகம். ஒரு குழந்தை ஷூவுக்குள் யாரோ கூழாங்கல் போட்டிருந்தார்கள், இன்னொன்றில் அணைந்த மெழுகுவர்த்தி. நாடாவை மறுபடி முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்தேன். சாலையைத் தாண்டி நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஒரு பெஞ்சைத் தேடி, அங்கே போய்த்தான் கழற்றினேன். கொஞ்ச நேரம் நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பேருந்து அந்த இடத்தில் நிற்குமா, தெரியாது. நின்றாலும் ஆற்றுப் பக்கம் பாருங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டு நகரும்.

மிச்சம் எல்லாம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விளக்கு போட்ட நாடாளுமன்றம், 268 மீட்டர் நீளம், எவ்வளவு தள்ளி நின்றாலும் படத்தில் அடங்கவில்லை. பேராலயத்தின் வாசலோடு சரி, உள்ளே போக நேரமில்லை. அதன் குவிமாடம் கட்டும்போதே 1868இல் ஒரு தடவை இடிந்து விழுந்ததாம், அதைக் கேட்டபின் அதன் மேல் தனி மரியாதை வந்தது. டோஹான்யித் தெருவில் 1859இல் கட்டிய யூதர் பெருங்கோயில், ஐரோப்பாவிலேயே பெரியது, நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. கம்பி வேலி வழியாகப் பார்த்தோம். காலையில் பார்த்த சாலையிலேயே கெலெட்டிக்குத் திரும்பினோம். அதே கரி படிந்த சாலை, ஆனால் இரவில் மாடி ஜன்னல்களில் விளக்கு எரிந்தது, குடும்பங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. "காலைல நான்தான் சரியா பாக்கல" என்றாள் மனைவி. மொத்தம் பதினோரு கிலோமீட்டர் வந்திருக்கும். வண்டி கிளம்ப முக்கால் மணி நேரம் மிச்சம்.

ஆசிரியர் அவர்களே, என் கோரிக்கை இதுதான். இனி வெளியூர் பற்றிக் கட்டுரை போடும்போது எந்த ஓட்டலில் கூரை நீச்சல்குளம் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, ரயில் நிலையத்திலிருந்து முக்கியமான இடத்துக்கு நடந்தால் எவ்வளவு தூரம், பெட்டியை எங்கே வைக்கலாம், வழியில் கழிப்பறை எங்கே, அதற்கு என்ன சில்லறை வேண்டும், எந்த இடத்தில் உட்கார பெஞ்ச் உண்டு, எங்கே மேடு, எங்கே படி என்று ஒரு சின்னக் கட்டம் கட்டிப் போடுங்கள். ஐரோப்பாவின் பல தலைநகரங்களில் ரயில் நிலையம் ஊருக்கு வெளியே இல்லை, ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. அறுபது தாண்டியவர்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர். அவர்களை வீட்டிலோ பேருந்திலோ உட்காரச் சொல்வதற்குப் பதில், பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போங்கள் என்று எழுதச் சொல்லுங்கள். தூரம் சொன்னால் அவரவர் காலுக்கு அவரவர் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ரயில்பாதை மேற்பார்வையாளர் ஒருவர்

பி.கு.: நாக்கைப் பார்த்த விதம். சிங்கங்கள் உயரமான பீடத்தில் படுத்திருக்கின்றன. வாய் திறந்திருக்கிறது, ஆனால் நாக்கு கீழ்ப்பல் வரிசைக்குப் பின்னால் தாழ்ந்து கிடப்பதால் தரையில் நிற்பவனுக்குத் தெரியாது. நானும் எம்பி எம்பிப் பார்த்தேன். பக்கத்தில் பனைமரம் போல வளர்ந்த ஒரு வெளிநாட்டுப் பையன், குச்சியில் கைபேசியை மாட்டித் தன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தான். சைகையில் சிங்கத்தின் வாயைக் காட்டினேன். அவனுக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. முதல் படத்தில் மூக்கு, இரண்டாவதில் வானம், மூன்றாவதில் நாக்கு. அந்தப் படத்தை என் கைபேசிக்கும் அனுப்பினான், இத்துடன் இணைத்திருக்கிறேன். கை ஆடியதால் கொஞ்சம் கலங்கல். ஆனால் நாக்குதான்.